வயர்மேன் வீடு எரிஞ்ச லட்சணம்

என் தம்பி வயர்மேன். முப்பது வருசமா இந்தத் தெருவுக்கே வெளிச்சம் குடுத்தவன்னு அவனே சொல்லிக்குவான். குடுத்த வெளிச்சத்துல பாதி ரெண்டாம் மாசமே கண்ணடிக்கும். போய்க் கேட்டா, "நீங்க சுவிட்சை அழுத்துற விதம் சரியில்ல"ம்பான். சின்னதுலயே அப்படித்தான். அவன் தடுக்கி விழுந்தா குத்தம் தரையோடது.

போன மாசம் பட்டப்பகல்ல அவன் வீடு எரிஞ்சுது. நல்லவேளை, உள்ள யாரும் இல்ல. படுக்கை ரூம் மொத்தமும் போச்சு. நான் ரெண்டு வீடு தள்ளி இருக்கறவ. புருசன் போய்ச் சேந்தாச்சு, கேக்க ஆளில்ல. தொடப்பத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

துக்கம் கேக்க வந்தவங்ககிட்டல்லாம் இவன் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, பொண்டாட்டியைக் கைகாட்டி ஒரே பாட்டு. "இவதான் அயர்ன் பாக்ஸை ஆஃப் பண்ணாம கடைக்குப் போயிட்டா. என்ன பண்றது, நம்ம தலையெழுத்து." மகா பெரிய மனசுக்காரன் மாதிரி பெருமூச்சு வேற. வந்தவளுங்களும் உச்சுக்கொட்டி, அவளை ஒரு மொறை மொறைச்சுட்டுப் போவாளுங்க.

தம்பி பொண்டாட்டி வாயில்லாப் பூச்சி. கரிச் சொவரைத் தேய்ச்சுக்கிட்டே கேப்பா. "அண்ணி, நான் ஆஃப் பண்ணேனா இல்லையா?"

"எனக்கென்னடி தெரியும்?"

"பண்ண மாதிரிதான் இருக்கு... பண்ணலையோ?"

நாலு நாளா சோறு எறங்கல. தன்னையே நம்ப முடியாம கிறுக்குப் புடிச்சுடும்போல இருந்தா.

அஞ்சாம் நாளு, படுக்கை ரூம் மூலையில குமிஞ்சு கெடந்த காரையையும் கரியையும் அள்ளிக் கொட்டினேன். அடியில அயர்ன் பண்ற மேசை. காரை விழுந்து மூடிட்டதால, மேல விரிச்ச போர்வையில ஒரு பொத்தல் இல்ல. அதுமேல அயர்ன் பாக்ஸ், வயரைச் சுத்தி வெச்சது வெச்சபடி. எதுத்தாப்புல, கட்டில் தலைமாட்டுல சுவிட்சு போர்டு இருந்த எடத்துல சொவரே வெடிச்சிருந்துது.

"இங்க வாடி, பாரு."

பாத்தா. அழல. விறுவிறுன்னு கூடத்துக்குப் போய், எரியாத போர்டைக் கழட்டினா. கரண்டைத்தான் அன்னிக்கே புடுங்கிட்டாங்களே. உள்ள துண்டு துண்டா வயரு, ஊரான் வீட்டுல மிஞ்சினதைப் பொறுக்கிட்டு வந்தது. ஒட்டுப் போட்ட எடத்துல டேப்பா சுத்தியிருக்கான் அந்தக் கஞ்சப்பய? கைக்காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்திரி!

அன்னிக்குத்தான் அவ தட்டு நெறைய சோறு தின்னா.

சாயங்காலம் தம்பி தோள்ல வயர் சுருளோட வந்தான். "வெளியாள் எதுக்கு? நானே புதுசா இழுத்துடறேன்."

அவ வாசப்படியில குறுக்க நின்னா. அதே உச்சுக்கொட்டினவளுங்க எதுத்த வீட்டுல நின்னு வேடிக்கை பாக்கறாளுங்க. அவங்க காதுலயும் விழட்டும்னு சத்தமா சொன்னா, "நான் ஆஃப் பண்ணி, வயரைச் சுத்தி வெச்சுட்டுத்தான் போனேன். தீ உங்க போர்டுல புடிச்சுது. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

"யாருக்கு?"

"அடுத்த தெரு ஒல்லியனுக்கு."

பல்பு மாட்டக்கூடத் தெரியாதவன்னு இவன் ஊரெல்லாம் சிரிச்ச ஆளு அந்த ஒல்லியன். இவன் மூஞ்சி செத்துப்போச்சு.

"அக்கா, நீயாவது சொல்லேன்."

"என்னத்தைடா சொல்ல? பிளாஸ்திரி மிச்சம் இருந்தா வாயில ஒட்டிக்க."

மறுநாள் வயர் இழுக்க ஒல்லியன் ஏணியில ஏறினான். என் தம்பி கீழ நின்னு புடிச்சான். அதையாவது ஒழுங்காப் புடிச்சானா? மேல இருந்தவன் மூணு தரம் அலறிட்டான்.