நைட் ஷிப்ட் அட்டை

உச்சி வெயிலில் ஜன்னலை மறைத்த பழைய போர்வையின் வெக்கை வாசனையும், அந்த இருட்டுக்குள் கடகடவென்று சுற்றும் மின்விசிறியின் ஓசையும்தான் எனக்கு நெய்வேலி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் இரவு வேலை விழும் வாரங்களில் எங்கள் ‘குவார்ட்டர்ஸில்’ பகல்தான் இரவு. காலண்டர் அட்டையின் பின்பக்கம் ‘நைட் ஷிப்ட், சத்தம் வேண்டாம்’ என்று சிவப்பு மையால் எழுதி அம்மா கதவில் மாட்டிவிடுவாள். அதைக் கண்டால் கீரைக்காரம்மாகூடக் கூவாமல் கடந்துபோவார்.

ஒரு கோடை விடுமுறையில், விளையாடும் ஆசை தாங்காமல், அட்டையைக் கழற்றி பீரோவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பொட்டுத் தூக்கமில்லாமல், சிவந்த கண்களோடு வேலைக்குக் கிளம்பிய அப்பா, என்னைத் திட்டவந்த அம்மாவைத்தான் அடக்கினார். “புள்ளைங்க வெளையாடத்தான செய்யும், வுடு.” தூக்கக் கலக்கத்தில் சுரங்கத்தில் அவருக்கு என்ன ஆகுமோ என்று, மறுநாள் காலை அவருடைய சைக்கிள் மணி கேட்கும்வரை எனக்கு உயிரே இல்லை. ஓடிப்போய் அட்டையை எடுத்து மாட்டினேன். ஒளித்தது நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அப்பா ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்தோம். அம்மா போனபின், பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்து வீட்டில் அவரும் நானும்தான். நான் ஃப்ரீலான்சர், பாடப்புத்தகங்களுக்குக் கணினியில் படம் வரைந்து பிழைக்கிறேன். மனிதர்களை ‘பர்மனென்ட்’, ‘கான்ட்ராக்ட்’ என்று இரண்டாகப் பிரித்தே பழகிய அப்பாவுக்கு என்னை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை. “எப்பம்மா கான்ட்ராக்ட்டாவது ஆவப்போற?” என்று கவலையோடு கேட்பார். ஊராருக்கு அந்தக் குழப்பமே இல்லை. “வூட்ல சும்மாத்தான இருக்க” என்று ஐந்து வீட்டு கேஸ் சிலிண்டரையும் வாங்கிவைக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். சிலிண்டர் வாங்குவதில் மட்டும் நான் பர்மனென்ட்.

ஒருநாள் மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை. சிலிண்டர் விஷயமாக மூன்றாவது ஆளும் வந்துபோனபின் அழுதே விட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் அப்பாவின் குரல் கேட்டது.

“எம்பொண்ணு ஷிப்டுல இருக்குதுங்க. அப்புறமா வாங்க.”

எட்டிப் பார்த்தேன். கதவில் அந்தப் பழைய அட்டை. ‘நைட்’ என்பதை மட்டும் பேனாவால் அடித்திருந்தார்.

அப்பா போய் ஆறு மாதமாகிறது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். அட்டைக்கு மட்டும் ஊரார் இன்னும் மரியாதை கொடுக்கிறார்கள், ஒருவரும் வருவதில்லை. வீட்டில் அத்தனை அமைதி, என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று அட்டையைக் கழற்றி மறுபடி பீரோவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சிலிண்டர் வாங்கிவைக்கச் சொல்லியாவது யாராவது வரட்டும்.