பம்பரம் தொட்ட ஒரு வரி

வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கணினி அறிவியல், கடைசி வருடம். உட்கார்ந்தால் கால் ஆடும்; கால் நின்றால் விரல் தட்டும். எழுதி முடித்த புரோகிராமை ஒரு நாளாவது அப்படியே விட்டுவைக்க மனசு வராது.

அண்ணனின் சலவைக் கடைக்கு ஒன்று எழுதியிருந்தாள். வாடிக்கையாளரின் போன் நம்பரைத் தட்டினால் துணி எந்தத் தட்டில் இருக்கிறதென்று காட்டும். கடையே அதை நம்பித்தான் ஓடியது.

"நேத்து இங்க இருந்த பட்டன் எங்கடி?"

"நல்லா இல்லைன்னு மாத்திட்டேண்ணா."

"துணி தேடுறவனுக்கு எதுக்குடி அழகு?"

மற்ற கம்பெனிகளின் எழுத்துத் தேர்விலேயே கழன்று விழுந்தவளுக்கு, பயிற்சி வேலைக்கான ஒரே ஒரு நேர்முகத் தேர்வுதான் மிச்சமிருந்தது. சொந்தமாக எழுதிய ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள்.

"திரும்பி வர்ற வரைக்கும் அதுல கை வைக்காதே" என்று சொல்லி அனுப்பினான் அண்ணன்.

பேருந்தில் இடம் கிடைத்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். சும்மா பார்க்கத்தான். தேடும் பகுதியில் ஒரு நீள வரி கண்ணை உறுத்தியது. சுருக்கினாள். சுருக்கியதைக் கடைக்கும் அனுப்பினாள். அப்புறம்தான் கால் ஆடுவது நின்றது.

தேர்வறையில் அதிகாரி அம்மாள் முன் ஒரு நம்பரைத் தட்டினாள். 'துணி இல்லை.' வேறொரு நம்பர். 'துணி இல்லை.' மேசைமேல் போன் அதிர்ந்தது.

"அண்ணன்தான் மேடம். கடையிலேர்ந்து."

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"அடியே பம்பரம்! கை வெச்சுட்டியா? யாருக்குமே துணி இல்லைங்குது. கோட்டு கேட்டு ஒருத்தர் நிக்கிறாரு, என்னையே துவைச்சுக் காயப்போட்டுடுவாரு போல!"

அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். பம்பரம் பேருந்தில் மாற்றுவதற்கு முந்தைய வடிவத்தைத் தேடியெடுத்துத் திரும்ப ஏற்றினாள்.

"இப்போ தட்டுண்ணா."

"ம்... மூணாவது தட்டு. வந்துடுச்சு. இனிமே இதுல கை வெச்சே, கடைக்குள்ள கால் வைக்காதே!"

என்ன தப்பு என்று அம்மாள் கேட்டார். நம்பரைப் பதியும்போது அண்ணன் நடுவில் இடைவெளி விடுவான், தேடும்போது விடமாட்டான். அதைச் சரிசெய்துகொண்டிருந்ததே அந்த நீள வரிதான் என்றாள்.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஏன் தட்டிப் பாக்கலை?"

"பொறுமை இல்லைங்க மேடம்."

வேலை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: அவள் எழுதுவது எதுவும் இன்னொருவர் பார்க்காமல் வெளியே போகக்கூடாது.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "அந்த இன்னொருத்தர் நம்ம கடைக்கும் வருவாரா, கேட்டுச் சொல்லு" என்றான்.

பம்பரத்தின் கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.