கணுக்காலில் கட்டிய வாட்ச்

ஆரணியில் எங்கள் பிசியோதெரபி கிளினிக் மாடியில் இருந்தது. ஏறி வந்த ஏகாம்பரம் பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைய வியர்வை.

பட்டு நெசவாளர், ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு, தொப்பை எல்லாம் சேர்ந்திருந்தன. இந்தக் கூட்டணிக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். குறிவைப்பது இதயத்தை.

இரண்டு மாதமாக அவரை "என் பெஸ்ட் பேஷண்ட்" என்று பீற்றிக்கொண்டிருந்தவன் நான். அவருடைய ஸ்டெப் வாட்ச் தினமும் பத்தாயிரம் அடி காட்டியது. இடுப்பு மட்டும் ஓர் இன்ச்சும் குறையவில்லை. டேப் பழசு என்று தீர்ப்புச் சொன்ன மேதையும் நானே.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளே ஈசிஜி. வெளியே என்னால் உட்கார முடியவில்லை. செய்தி கேட்டு ஓடி வந்த அவர் மனைவி கன்னியம்மாளிடம், "எந்தப் பக்கம்மா நடப்பாரு?" என்றேன்.

"இன்னா சார் நடக்கறது? தறிக்குழில குந்திகினு, வாட்ச்ச கணுக்கால்ல கட்டிகினு தறியோட மிதிகட்டைய மிதிச்சிகினு இருப்பாரு. மத்தியானத்துக்குள்ள பத்தாயிரம் வந்துடும்."

"நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா? சபாஷ் சபாஷ்னு தட்டிக் குடுத்துகினு இருந்தீங்க."

வராந்தாவில் மறுபடி நடந்தேன்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து டாக்டர் சொன்னது: மாரடைப்பு இல்லை, ஆனால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பம். ஏகாம்பரம் படுத்தபடியே கேட்டார்: "நாள் முழுக்க கால் ஆடுதே சார், அது எக்சசைஸ் இல்லியா?"

"கால் ஆடுது. மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் வாங்காது. வெத்தல போட்டுகினே நெய்வேன்."

"அப்போ இதயத்துக்கு அது லீவு நாள்தான்."

இதய டாக்டர் அனுமதித்த பிறகு ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்துக்கு அளவு. அந்த நடை இதயத்தைப் பழக்கும். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது. அது தசைக்கு, தசை சர்க்கரையை இழுக்கும். இரண்டும் வேண்டும்.

முதல் வாரம் நானும் கூட நடந்தேன். அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குத் திக்கென்றது. "நீங்க ஏன் சார் பேஜாராவுறீங்க?" என்று அவரே தேற்றினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை அடி என்று கேட்பதற்கு முன், ஒரு தெரு தூரம் பேஷண்டோடு நடந்து பாருங்கள். நான் முதல் நாளே அதைச் செய்திருந்தால், அவர் படியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.