சொர்க்கவாசல் எப்போது திறக்கும்?

இணையத்தில் எழுத எனக்குப் பாடம் நடத்தியவர் எங்கள் ஆபீஸ் மேனேஜர். தில்லைநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் செய்தித் தளம். "கேள்வியத் தலைப்புல வைங்க, பதிலக் கடைசில வைங்க. மொதல்லயே சொல்லிட்டா எவன் கீழ வரைக்கும் வருவான்?" என்பார். நடுவில் விளம்பரம் ஓட வேண்டுமே! பசியோடு வந்தவனை இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, சோற்றைக் கண்ணில் காட்டாத பந்தி அது. அதில் பரிமாறத்தான் எனக்குச் சம்பளம்.

நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் அப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு விளம்பரத்தையும் சேர்த்துப் படிப்பார். பக்கத்து வீட்டுக்காரரோடு எந்த வாக்குவாதம் வந்தாலும் என் கட்டுரைதான் அவருக்குச் சாட்சி.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கும் நேரத்தைப் பற்றி ஒரு வருஷம் எழுதினேன். கோயில் அறிவிப்பைப் பார்த்துச் சரியாகத்தான் எழுதினேன். மறு வருஷம் நேரம் மாறியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே திறப்பு. புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். "வேணாம்மா, பழைய பக்கத்துக்குத்தான் தேடல்ல மவுசு. அதையே தூசி தட்டி ஏத்திக்கறோம்" என்றார் மேனேஜர். எங்கள் தொழிலில் ஊரே செய்கிற காரியம்தான். தலைப்பில் வருஷத்தை மாற்றினார்கள், மேலே தேதியை மாற்றினார்கள். கடைசிப் பத்தியில் கிடந்த நேரத்தை யாரும் தொடவில்லை. அவ்வளவு கீழே போய்ப் பார்க்க எங்கள் ஆபீசிலேயே ஆள் இல்லை. என் பெயர் மட்டும் பத்திரமாக மேலே இருந்தது.

அப்பா கடைசிவரை படித்தார்.

சொர்க்கவாசல் வழியாகப் பெருமாள் வெளியே வருவதை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வேலையில் இருந்தவரை ஷிப்ட் விடவில்லை, அப்புறம் முழங்கால் விடவில்லை. ஆபரேஷன் ஆன காலோடு கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று நான் கண்டித்து வைத்திருந்ததால் என்னிடம் மூச்சே விடவில்லை. ஏகாதசிக்கு முந்தின நாள் எனக்கு ஆபீசில் ராத்திரி வேலை. பக்கத்து வீட்டுக்காரர், "இந்த வருஷம் சீக்கிரமே தொறக்கறாங்களாமே" என்று சொல்லியிருக்கிறார். "எம் பொண்ணு எழுதினது தப்பா இருக்குமா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, நிதானமாக ஆட்டோ பிடித்திருக்கிறார் அப்பா.

அம்மாமண்டபம் சாலையிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். கைத்தடியோடு ராஜகோபுரம்வரை நடந்திருக்கிறார். அப்போது உள்ளேயிருந்து "ரங்கா! ரங்கா!" என்று பெருங்குரல் எழுந்திருக்கிறது.

"தொறந்தாச்சு பெரியவரே, சாமி வெளிய வந்தாச்சு" என்றாராம் அங்கே நின்ற போலீஸ்காரர்.

"இல்லைங்க, இன்னும் நேரம் இருக்குங்க. இந்தா பாருங்க, எம் பொண்ணு எழுதிருக்கா" என்று செல்போனை நீட்டியிருக்கிறார் அப்பா.

"நெட்டுல வர்றதையெல்லாம் நம்பிக்கிட்டு" என்று சிரித்திருக்கிறார் அவர்.

மறுநாள் மேனேஜரிடம் போய்க் கத்தினேன். "அதான் நேத்துச் சாயங்காலமே திருத்திட்டோமே" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நேத்து அதிகம் பேர் படிச்சது உங்க கட்டுரைதான், வாழ்த்துகள்" என்று கையை நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. வேறு எங்கே போனாலும் இதே பந்திதான்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இப்போதும் என் கட்டுரைகளை விடாமல் படிக்கிறார். போன வாரம் பஸ் நிறுத்தம் இடம் மாறுவதைப் பற்றி எழுதியிருந்தேன். படித்து முடித்து, செல்போனோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, இது நெசமா, இல்ல ஆபீசுக்காக எழுதினதா?"