வெயில் கணக்கில் சேர்ந்தவன்

இதைப் படித்துவிட்டு, "அன்னிக்குக் குடிச்சிருந்தியா?" என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டவர்கள் போதும். நான் குடிப்பதில்லை. இருபது வருடமாக ஏசி ரிப்பேர் செய்கிறேன். குளிர் எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், அந்த வீட்டு மாடி அறையில் இருந்த குளிர் எந்த இயந்திரத்திலிருந்தும் வந்ததில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பச் சொல்லி உங்கள் காலில் விழப் போவதில்லை.

இலையுதிர் காலம் பாதி ஓடிவிட்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் எங்கள் தொழிலுக்கு அது ஈ ஓட்டுகிற காலம். அந்த வருடம் வெயில் போகவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. தெருவில் உதிர்ந்து கிடந்த இலைகள் காலை வைத்தாலே நொறுங்கின. அன்றைக்கு நாற்பத்தொரு டிகிரி. காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: ஏசி ஓடவில்லை, உடனே வா, இல்லாவிட்டால் செத்துவிடுவோம்.

என்னோடு வேலைக்கு வருவது என் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. முப்பது வயதாகியும் கல்யாணமாகவில்லை. சாப்பாடு, படுக்கை எல்லாம் எங்கள் வீட்டில்தான். அவனை அவள் தம்பியாக வளர்க்கவில்லை, பிள்ளையாகத்தான் வளர்த்தாள். வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் கடைத்தெரு முழுக்க அவனுக்கு 'ரேடியோ' என்றே பெயர். வேனில் நிஜ ரேடியோ ஒரு பக்கம் பாடும், இவன் ஒரு பக்கம் பாடுவான். அன்று செய்தியில் இலையுதிர் காலத்து வானிலை விபரீதங்களை வரிசையாகப் படித்தார்கள். ஒரு வருடம் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போன புயல். ஒரு வருடம் பத்து நாள் விலகாத மூடுபனி. ஒரு வருடம் இலை உதிரும் முன்பே கொட்டிய பனி. கடைசியாக, இன்றைய வெயில்.

"மாமா, நாமளும் சரித்திரத்துல வந்துட்டோம். பின்னாடி பேரப்பசங்ககிட்ட சொல்லலாம்," என்றான்.

"முதல்ல கல்யாணம் பண்ற வழியைப் பாரு."

"பொண்ணு குடுக்க ஆள் எங்க இருக்கு? எல்லாரும் வெயில்ல மயங்கிக் கிடக்கறாங்க."

அப்போதுதான் அந்த போன் வந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு பெண் குரல்.

"மாடி ரூம் ரொம்பக் குளிருது. வந்து நிறுத்திக் குடுங்க."

"ஏசியை ஆஃப் பண்ணுங்கம்மா."

"பிளக்கையே பிடுங்கிட்டேன்."

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்புதான். அந்த அம்மாவுக்கு வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். போகிற வழியில்தான் வீடு. ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன்.

சரிந்த கூரை போட்ட பழைய மாடி வீடு. அந்த அம்மா ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவர். தனியாக இருக்கிறார். வாடகைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முகமெல்லாம் வியர்வை வழிய நின்றார். ஆனால் கையில் தடிமனான கம்பளிச் சால்வை வைத்திருந்தார். மாடிக்குப் போகும்போது போர்த்திக்கொள்வதற்காம்.

"ஒரு வாரமா இப்படித்தான். அந்த ரூம்ல போட்ட துணி காயலை. நேத்து வச்ச தண்ணி பாட்டில் இன்னிக்குக் கட்டியா உறைஞ்சிருக்கு," என்றார்.

ரேடியோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "நீ மேல போய் பாரு. நான் பின்னாடி அவுட்டோரைப் பார்த்துட்டு வரேன்," என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படியேறினான்.

பின்பக்கச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி, அவுட்டோர் யூனிட், இருந்தது. விசிறிக்கும் கம்பிக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அது ஓடிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். தகரத்தைத் தொட்டேன், வெயிலில் கை சுட்டது. பிறகு மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். அதன் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு பனிக்கட்டி தொங்கியது. நேர் வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அது சொட்டவில்லை. ஒரு துளிகூட...

மடார்!

சத்தம் மேலே இருந்து வந்தது. பெரிய மரக்கிளை முறிகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். அந்த வீட்டைச் சுற்றி ஒரு மரம்கூட இல்லை.

உள்ளே ஓடினேன். அந்த அம்மா படிக்கட்டின் பாதியில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். "கதவு தானா சாத்திக்கிச்சு," என்றார்.

உள்பக்கமாகத் திறக்கிற கதவு. பூட்டு கிடையாது, தாழ்ப்பாள்கூடக் கிடையாது. தள்ளினேன். ஒரு விரல்கடை போயிற்று, அதற்கு மேல் போகவில்லை. பின்னால் ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது. நான் தள்ளினால் கொஞ்சம் கொடுத்தது, உடனே திரும்பி என்னைத் தள்ளியது. இடுக்கு வழியாகக் காற்று வந்தது. ஈர இலை வாசனை. கண்ணை வைத்துப் பார்த்தேன். பட்டப் பகலில், உள்ளே கும்மிருட்டு.

"டேய்! உள்ள என்னடா பண்றே?"

"மாமா... கூரை விழுந்துருச்சு. பெரிய கிளை. கதவுமேல கிடக்கு. கொட்டுது மாமா..."

"என்னடா கொட்டுது?"

"பனி."

விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் அப்படிப்பட்ட ஆள்தான். ஆனால் அவன் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. டக டக டக... அதை யாராலும் நடிக்க முடியாது.

மீட்புப் படைக்கு போன் செய்தேன். "பனியா?" என்று அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தார். "சார், ஊரே வெயில்ல சுருண்டு கிடக்கு. விளையாட இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா?" வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தேன். "வெயில்ல மயங்கிட்டான். ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டான்," என்றேன். அதை நம்பினார்கள். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருப்பதாகவும் ஒரு மணி நேரம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

வேனிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து அடித்தேன். பலகை பிளந்தது. பிளவுக்குப் பின்னால் இலைகள் தெரிந்தன. பச்சை இலைகள். அவற்றின்மேல் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கையை விட்டு இழுத்தேன். விரல்கள் நொடியில் மரத்துப்போயின. கிளை அசையவில்லை.

ஜன்னல் ஞாபகம் வந்தது. ஏணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஏறிப் பார்த்தேன்.

உள்ளே வெயில். தரையில் பளிச்சென்று வெயில். சுவரில் ஏசி. கீழே அவன் பை, பக்கத்தில் பிடுங்கிப் போட்ட பிளக். கதவுக்குப் பின்னால் கிளை இல்லை. கூரை முழுசாக இருந்தது.

அவன் இல்லை.

கண்ணாடியை உடைத்தேன். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டேன். உள்ளேயும் அனல்தான். "டேய்... டேய்!" என்று கத்தினேன். காலி அறை. பதில் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து அந்த அம்மா அலறினார். "சீக்கிரம் வாங்க! உள்ள இருந்து உங்களைக் கூப்பிடறார்!"

கம்பியைப் பிடித்து ஆட்டினேன். அது அசையுமா? இறங்கினேன். மறுபடி படியேறினேன். மறுபடி அதே இருட்டு, அதே குளிர்.

"எங்க போனீங்க மாமா?"

"இங்கதான்டா இருக்கேன். எங்கயும் போகலை."

"இப்பக் குளிரலை மாமா. நல்லா இருக்கு. கண்ணைச் சொக்குது..."

மீன் கிடங்குகளின் குளிர் அறைகளில் நான் வேலை செய்திருக்கிறேன். நடுங்குகிற வரைக்கும் பயமில்லை. குளிரவில்லை என்று சொல்ல ஆரம்பித்தால், ஆளைத் தூங்க விடக் கூடாது. தூங்கினால் அவ்வளவுதான்.

வாயைப் பிளவில் வைத்துக் கத்தினேன். "தூங்காதே! டேய், தூங்காதேடா!"

"சரி மாமா."

"பேசு! ஏதாவது பேசு! தூங்காதே!"

"சரி மாமா..."

குரல் இறங்கியது.

"தூங்காதேடா!"

"சரி..."

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கத்தினேன். கதவை உதைத்தேன். தலையால் முட்டினேன். என் தொண்டை கிழிந்தது.

உள்ளே, எங்கேயோ தூரத்தில்... மடார்.

பிறகு அமைதி.

நேரம் தெரியவில்லை.

கதவு திறந்தது.

நான் தள்ளவில்லை.

வெயிலில் கண் கூசியது. கதவுக்குப் பின்னாலேயே சுருண்டு கிடந்தான். முழங்கால் நெஞ்சைத் தொட்டிருந்தது. உதடு நீலம். புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது நான் பார்க்கப் பார்க்கக் கரைந்து ஓடியது. தலைமுடியில் ஓர் ஈர இலை ஒட்டியிருந்தது.

தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா தன் சால்வையைப் போர்த்தினார். நாற்பத்தொரு டிகிரியில் அவன் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றப் பார்த்தேன். மீட்பு வண்டி வந்தது. வண்டியில் போகும்போது ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"நீங்க சொன்னபடியே தூங்கிட்டேன் மாமா."

"நான் எப்படா சொன்னேன்?"

"கதவுகிட்ட நின்னு சொன்னீங்களே... தூங்குடா, தூங்குடான்னு..."

அதன்பின் அவன் பேசவில்லை. வாய் ஓயாத பிள்ளை, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே ஓய்ந்துவிட்டான்.

தாழ்வாரம் முழுக்க வெயிலில் விழுந்தவர்கள் கிடந்தார்கள். டாக்டர் இவன் கையைத் தொட்டார், சட்டென்று தன் கையை எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். வெயிலில் மயங்கினான் என்று நான் போனில் சொன்னதைத்தான் வண்டிக்காரர்கள் அவரிடமும் சொல்லியிருந்தார்கள். "வேற என்னன்னு எழுதச் சொல்றீங்க?" என்று என்னையே கேட்டார். வெயில் என்றே எழுதினார். மறுநாள் செய்தியில், சரித்திரம் காணாத இலையுதிர் கால வெயிலுக்கு ஊரில் ஒன்பது பேர் பலி என்று சொன்னார்கள். என் மச்சானும் அதில் ஒருவன்.

"கடைசியா ஏதாவது சொன்னானா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லை," என்றேன். வேறு எதைச் சொல்வேன்? அவன் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் எங்களைத் தவிர, முன்னால் டிரைவரும் உதவியாளரும்தான் இருந்தார்கள். அவர்களுக்கு அது கேட்டிருக்க வழியில்லை.

சில வாரங்கள் கழித்து, காற்று குளிர ஆரம்பித்த பிறகு, ஓர் அம்மா என் வீட்டைத் தேடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்பின் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க மச்சான் மாட்டிக்கிட்ட அந்த வீட்டுல பிறந்தவ நான். இப்பக் குடியிருக்கற பொண்ணுதான் நடந்ததைச் சொல்லிச்சு," என்றார். "மாடி ரூம்லதான் நாங்க மூணு பிள்ளைங்களும் படுப்போம். எனக்கு ஏழு வயசு. அண்ணனுங்க ரெண்டு பேர். அந்த வருஷம் சீக்கிரமே பனி கொட்டிச்சு. மரத்துல இலை உதிரவே இல்லை, எல்லாம் பச்சையா இருந்துச்சு. இலை மேல பனி ஏறினா மரம் எப்படித் தாங்கும்? ராத்திரி பூரா கிளை முறியற சத்தம். எங்க கூரை மேலயும் ஒண்ணு விழுந்துச்சு. கதவை அடைச்சுக்கிச்சு. அப்பா வெளிய நின்னுக்கிட்டு விடியற வரைக்கும் கத்தினார்."

அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். உங்க மச்சான் சாகறதுக்கு முன்னாடி... நீங்க தூங்கச் சொன்னதா சொன்னாரா?"



"நான் தூங்காதேன்னுதான் கத்தினேன்," என்றேன். "சத்தியமா, தூங்காதேன்னுதான் கத்தினேன்."

அவர் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னார். நான் நம்பலை. என் ரெண்டு காதாலயும் கேட்டேனே... தூங்குங்கடா, தூங்குங்கடான்னு. அண்ணனுங்க சொன்ன பேச்சைக் கேக்கற பிள்ளைங்க, தூங்கிட்டாங்க. நான் அடங்காப்பிடாரி. தூங்கவே மாட்டேன்னு உட்கார்ந்திருந்தேன். அதனாலதான் பிழைச்சேன்." மேஜையிலிருந்து கையை எடுத்தார். "அவர் கண்ணை மூடற வரைக்கும் நான் அவரை அப்பான்னு கூப்பிடலை."

முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று எழுந்து திரும்பினேன். சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், துணி துவைத்துத் தருகிறாள். ஆனால் நான் ஏதாவது பேச வாயைத் திறந்தால் போதும், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு என் உதடுகளையே பார்க்கிறாள்.