களிம்புக்குச் சாதகமான சராசரி

என் அக்காளின் இடது காலில் அந்தப் புண் வராமல் இருந்திருந்தால், அத்தானை மேதை என்றே கடைசிவரை நம்பியிருப்பேன்.

அத்தானுக்கு ஒரு மருத்துவமனையில் புள்ளியியல் வேலை. ஆராய்ச்சி என்று மருத்துவர்கள் அள்ளிக்கொண்டு வரும் எண்களுக்கு எந்தச் சோதனை பொருந்தும் என்று சொல்ல வேண்டும். மாடிப்படிக்கு அடியில் அறை. சாய்ந்தால் முனகும் நாற்காலி. பயிற்சி மருத்துவர்கள் வந்துவிட்டால் போதும், விளாசித் தள்ளுவார்.

"ஆளே கொஞ்சம். அதுல ஒருத்தர் மட்டும் எங்கேயோ தனியாப் போய் நிக்கிறாரு. இதுக்குச் சராசரியா? எல்லாரையும் வரிசையில நிறுத்துங்க. யார் முந்தி, யார் பிந்தின்னு மட்டும் பாருங்க. அதுக்குத்தான் தரவரிசைச் சோதனை இருக்கு!"

ஊருக்கு உபதேசம் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரு நாள் தலைமை மருத்துவர் தம் புதுக் களிம்போடு வந்தார். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு எட்டுப் பேருக்குக் களிம்பு, எட்டுப் பேருக்குப் பழைய மருந்துக்கட்டு. பழைய கட்டுப் போட்டவர்களில் ஒருவருக்கு மட்டும் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அந்த ஒரு மனிதர், புண் ஆற ஆகும் நாட்களின் சராசரியை இழுத்துக்கொண்டு போனதில் களிம்புக்கு அமோக வெற்றி. அத்தான் தரவரிசைச் சோதனை போட்டுப் பார்த்தார். களிம்பு மேல் என்று சொல்ல ஆதாரமே இல்லை. அதைக் கேட்டதும் தலைமை மருத்துவரின் முகம் சுருங்கியது. எள் என்றால் எண்ணெயாக நிற்பவராயிற்றே அத்தான்! சோதனையைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு சராசரிகளை மட்டும் வண்ணப் படமாக அச்சிட்டுக் கொடுத்தார். மருத்துவமனை பழைய கட்டை அடியோடு நிறுத்தியது. அத்தானின் அறைக்கு ஏசி வந்தது.

பிறகுதான் அக்காள் சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணோடு அதே மருத்துவமனையில் படுத்தாள். புண் ஆறாவிட்டால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்றார்கள். தலைமை மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தபோது அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர், இவளுக்கு மட்டும் பழைய கட்டே போட்டுடலாமே..."

"என்ன சார் இது? களிம்புதான் உசத்தின்னு காட்டினதே நீங்கதானே! பழசு இப்ப ஸ்டோர்லயே கிடையாது."

டாக்டர் போனதும் அக்காள் தலையைத் திருப்பினாள். "என்னங்க, இது கேக்குமா, கேக்காதா?"

"தெரியாதும்மா. எட்டுப் பேரை வெச்சு அதைச் சொல்ல முடியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதறதுக்கு என்ன கேடு?"

எனக்கு அத்தானை அறைய வேண்டும் போலிருந்தது. நர்ஸ் களிம்போடு வந்து நின்றாள். அக்காளே காலை நகர்த்திக் கொடுத்தாள்.

"போடும்மா. எட்டுப் பேர் பத்தலையாம் சாருக்கு. என்னை ஒன்பதாவதா சேத்துக்கட்டும்."