கொடுமணலுக்கு நடந்த நாலு நாள்

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமான மறுமாசம், ஊட்டிக்குப் போகலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"கொடுமணலுக்கு நடந்து போலாங்களா?" என்றாள்.

வரலாறு படித்தவள். ரோமாபுரி வணிகர்கள் மேற்குக் கரையில் கப்பலிறங்கி, பாலக்காட்டுக் கணவாய் தாண்டி, நொய்யல் ஆற்றோரமாகவே கரூருக்குப் போன பழைய வழியில், கல்லில் பாசிமணி செய்த ஊராம் அது. நானோ மோட்டார் பம்பு பட்டறைக்காரன். ரோமாபுரி எனக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்ட ஒரு பேர், அவ்வளவுதான். புதுப் பெண்டாட்டி ஆசைப்படுகிறாளே என்று தலையாட்டிவிட்டேன்.

கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் விடியக் கிளம்பினோம். அவள் முன்னால், நான் பத்தடி பின்னால். சோளக்காடு, தென்னந்தோப்பு, குட்டை குட்டையாக நின்ற ஆறு. பேச எங்களுக்குள் இன்னும் பழக்கம் போதவில்லை. சாயங்காலம் சூலூரில் அவள் பெரியம்மா வீட்டில் தங்கினோம். "ஏங்கண்ணு, பஸ்ஸு ஓடலயா?" என்று அந்தம்மா கேட்க, இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் திருப்பூரைத் தாண்டினோம். ஆறு சாயத்தண்ணியாகச் சிவந்து ஓடியது. நாற்றம் தாங்கவில்லை. என் குதிகாலில் கொப்புளம் வேறு உடைந்திருந்தது.

"போதும் அம்மணி. பஸ் ஏறிரலாம்."

"நீங்க ஏறிப் போங்க. நான் நடந்தே வாரேனுங்க."

எங்கள் முதல் சண்டை. கோபத்தில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். சன்னல் வழியே பார்த்தால், அவள் தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நொண்டிக்கொண்டே திரும்பினேன். ஒரு புளியமரத்தடியில் எதிர்ப்பட்டோம். அவள் கண் கலங்கியிருந்தது. துண்டைக் கிழித்து என் காலில் கட்டினாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. மேலே படிக்க வீட்டில் விடாதது, நான் பெண் பார்க்க வந்த அன்று பயந்தது, எல்லாம் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை நானும் சொன்னேன்.

கொடுமணலில் உழுத காடும், அந்தக் காலத்தில் செத்தவர்களைப் புதைத்த கல்வட்டங்களும்தான். ஆடு மேய்த்த ஒரு அம்மா, "மழை பேஞ்சா பாசி மேலால வருமுங்க," என்றார். குனிந்து குனிந்து தேடினோம். சிவப்புப் பாசிமணி ஒன்று என் கையில் அகப்பட்டது, பாதிதான் துளை போட்டிருந்தது. அவள் அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இங்கயே கெடக்கட்டுங்க," என்று மண்ணில் திரும்ப வைத்தாள்.

கரூர்வரை போக லீவு இல்லை. சென்னிமலையில் ஊருக்குப் பஸ் ஏறினோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நாலு நாள் நடந்த தூரத்தை அந்த பஸ் ஒரு பொழுதுக்குள் கடந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.